பண்டிகை ஆடையும் அடுக்களைப் புகையும்

பண்டிகை என்ற சொல்லைக் கேட்டதும் நம் நாட்டு மக்களின் உள்ளத்தில் இரண்டு பொருள்கள் ஒருங்கே தோன்றுகின்றன. ஒன்று புத்தாடை, மற்றொன்று பலகாரம். வங்காளத்தில் துர்க்கா பூஜை நாட்களில் லூச்சி பொரிகின்றது. மகாராஷ்டிரத்தில் தீபாவளிக்குச் சக்லியும் கரஞ்சியும் எண்ணெய்ச் சட்டியில் மிதக்கின்றன. உத்தரப் பிரதேசத்தில் ஹோலி வந்தால் குஜியா செய்யாத வீடு அரிது. ஐதராபாத்திலும் லக்னோவிலும் ஈத் திருநாளன்று பிரியாணியின் மணம் தெருவெல்லாம் பரவுகின்றது. அதே நாளில், அதே வீட்டில், பெட்டியின் அடியிலிருந்து பட்டும் சால்வையும் வெளியே எடுக்கப்படுகின்றன. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ்ச் சந்திக்கும்போது வெற்றி பெறுவது பெரும்பாலும் அடுக்களையே. புத்தாடை அணிந்து விருந்தினரை வரவேற்க வரும் இல்லத்தரசியின் முன்பாகவே அவள் ஆடையில் ஏறிய தாளிப்பின் நெடி வந்து நிற்கின்றது.

இது மிகச் சிறிய செய்தி அன்றோ, இதற்கும் ஒரு வரலாறு உண்டோ என நேயர்கள் வினவலாம். அரசர்களின் போர்களையும் பட்டாபிஷேகங்களையும் மட்டுமே வரலாறு என்று கொண்டால், இதற்கு அதில் இடம் இல்லைதான். ஆனால் மக்கள் எவ்வாறு வீடு கட்டினர், எவ்வாறு சமைத்தனர், எவ்வாறு உடுத்தினர் என்பதும் வரலாறே என்று கொள்வோமாயின், அடுக்களையின் மணம் ஆடையில் ஏறாதிருக்க நம் முன்னோர் கையாண்ட வழிகள் இரண்டாயிரம் ஆண்டுக் கதையாக விரிகின்றன. அக்கதையில் அறிவும் உண்டு, அழகும் உண்டு, நாம் நாணத்தக்க பகுதியும் உண்டு.

முதற்கண், மணம் ஆடையில் ஏறுவது எவ்வாறு என்பதை அறிந்துகொள்வது நலம். எண்ணெய் நன்றாகக் காயும்போது கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய துளிகளாகச் சிதறி ஆவியோடு மேலே எழும்புகின்றது. வெங்காயம், பூண்டு, பெருங்காயம் ஆகியவற்றிலுள்ள கந்தகம் கலந்த பொருள்கள் எளிதில் ஆவியாகும் இயல்பின. இவை எண்ணெய்த் துளிகளோடு கூடி, அருகிலுள்ள துணியின் இழைகளுக்கிடையே புகுந்து தங்கிவிடுகின்றன. விறகடுப்பாயின் புகையின் கரித்துகளும் உடன் சேரும். பருத்தியும் பட்டும் கம்பளியும் ஈரத்தை உறிஞ்சுவன. ஈரத்தோடு மணத்தையும் உறிஞ்சுகின்றன. இவற்றுள் கம்பளியே மணத்தை நெடுநாள் விடாது பற்றிக்கொள்வது. இக்காலத்துச் செயற்கை இழைகளோ ஈரத்தை வேண்டா. ஆனால் எண்ணெய்ப் பசையை விரும்பிப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே துணியில் ஏறிய நெடியை நீக்குவதினும் ஏறாமற் காப்பதே எளிது. இவ்வுண்மையை ஆய்வுக்கூடம் இல்லாமலே நம் முன்னோர் பட்டறிவால் அறிந்திருந்தனர்.

அவர்கள் கண்ட முதல் வழி தூரம். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் உச்சயினிப் பகுதியில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகத் ஸம்ஹிதையில் வீட்டின் அமைப்பைக் கூறுமிடத்து, வடகிழக்கில் வழிபாட்டு அறையையும், தென்கிழக்கில் சமையலறையையும், தென்மேற்கில் தட்டுமுட்டுப் பொருள்களையும், வடமேற்கில் செல்வத்தையும் தானியத்தையும் வைக்குமாறு விதிக்கின்றார். தென்கிழக்கு அக்கினிக்குரிய திசை என்பதே மரபு. எனினும் அதன் பயன் வேறொன்றும் உண்டு. நெருப்பு ஒரு மூலையிலும், வீட்டிற் காக்கத்தக்க பொருள்கள் வேறு மூலைகளிலும் அமைந்துவிடுகின்றன. அடுப்புக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு முற்றமாவது இருக்கும்.

வங்காளத்துச் சிற்றூர்களில் இம்முறை இன்னும் தெளிவாகப் புலப்படும். அங்கே ஒரு முற்றத்தைச் சுற்றித் தனித்தனிக் குடில்களாக வீடு அமையும். அவற்றுள் ஒன்று சமையலுக்கென்றே ஒதுக்கப்படும். கடுகெண்ணெய் காய்ந்து புகையும் நெடியை அறிந்தவர்கள், படுக்கும் குடிலுக்கும் சமைக்கும் குடிலுக்கும் இடையே திறந்த வானம் இருக்கவேண்டியதன் அவசியத்தை எளிதில் உணர்வர்.

பண்டிகை, திருமணம் போன்ற பெருவிருந்துக் காலங்களில் இத்தூரம் மேலும் நீண்டது. வட இந்தியாவில் திருமண வீட்டிற்கு வரும் ஹல்வாய், வீட்டின் அடுக்களைக்குள் நுழைவதில்லை. கொல்லையிலோ, தெருவோரத்திலோ மண்ணாலும் செங்கல்லாலும் ‘பட்டி’ என்னும் பேரடுப்பை எழுப்பி, அங்கேயே பூரியும் ஜிலேபியும் பொரிக்கின்றான். காஷ்மீரத்தில் ‘வாஸ்வான்’ என்னும் பெருவிருந்தைச் சமைக்கும் ‘வாஸா’ மரபினர் திறந்த வெளியில் விறகு நெருப்பை நீண்ட வரிசையாக மூட்டி, அதன்மேல் செப்புப் பாத்திரங்களை ஏற்றுகின்றனர். நம் பக்கத்துத் திருமணங்களில் கொல்லைப்புறத்துக் கோட்டை அடுப்பைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. சமையல் மிகுந்தால் அடுப்பை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோ என்பதே நாடு முழுவதும் வழங்கிய எழுதாச் சட்டம் எனலாம்.

இரண்டாவது வழி, சமைக்கும் ஆடை வேறு, உடுக்கும் ஆடை வேறு என்று வகுத்தது. மகாராஷ்டிரத்தில் ‘சோவளே’ என்றும் தமிழகத்தில் ‘மடி’ என்றும் வழங்கும் முறை இவ்வகையைச் சார்ந்தது. துவைத்துப் பிறர் தொடாது உயரக் கொடியில் உலர்த்திய ஆடையை உடுத்தியே பெண்கள் அடுக்களைக்குள் புகுவர். பணி முடிந்ததும் அதைக் களைந்து வேறு ஆடை உடுப்பர். இதனால் அடுக்களையின் மணம் அடுக்களை ஆடையோடு நின்றது. ஆயினும் இம்முறையின் நோக்கம் மணத்தை விலக்குவதன்று, சடங்குத் தூய்மையே. அத்தூய்மை பற்றிய எண்ணம், மனிதரை மனிதர் தொடலாகாது என்னும் கொடிய வழக்கத்தோடு பின்னிக் கிடந்தது. ஒரு வழக்கத்தின் பயனைக் கூறுபவர் அதன் பழியையும் கூறுதல் வேண்டும்.

சடங்கினைச் சாராத வேறொரு சான்றும் உண்டு. அக்பர் பேரரசரின் அவையிலிருந்த அபுல் பசல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய அயினி அக்பரியில் அரண்மனை அடுக்களையைப் பற்றி ஒரு பகுதி அமைந்துள்ளது. சமையற்காரர்கள் தங்கள் சட்டைக் கைகளையும் ஆடையின் விளிம்புகளையும் மடித்துச் செருகிக்கொள்ளுதல் வேண்டும். உணவை எடுக்கும்போது வாயையும் மூக்கையும் கையால் மறைத்துக்கொள்ளுதல் வேண்டும் என்று அதிற் காண்கின்றோம். உணவை ஆடையிடமிருந்து காப்பதே அவ்விதியின் கருத்து. ஆனால் ஆடையும் உணவினிடமிருந்து காக்கப்பட்டது என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி வெளுத்தல். இதில் நம் நாட்டாரின் அறிவு வியக்கத்தக்கது. எல்லாத் துணிக்கும் ஒரே அழுக்குநீக்கி என்று அவர்கள் கருதவில்லை. மனு ஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம், பட்டையும் கம்பளியையும் உவர்மண்ணாலும், மலைநாட்டு ஆட்டுமயிர்க் கம்பளத்தைப் பூந்திக்கொட்டையாலும், மெல்லிய பட்டு வகையை வில்வக் காயாலும், சணல்நார் ஆடையை வெண்கடுகாலும் தூய்மை செய்யுமாறு கூறுகின்றது. உவர்மண் எண்ணெய்ப் பசையை அறுப்பது. பூந்திக்கொட்டையின் நுரை மென்மையானது. மயிரிழைக்கு ஊறு செய்யாதது. இன்றும் விலையுயர்ந்த பட்டுச் சேலையைப் பூந்திக்கொட்டை நீரில் அலசும் குடும்பங்கள் நாட்டின் பல பகுதிகளில் உண்டு. சவர்க்காரம் வந்து பல தலைமுறைகள் ஆகியும் அவ்வழக்கம் அழியவில்லை.

கௌடிலியரின் பெயரால் வழங்கும் அர்த்த சாஸ்திரம் வண்ணாரின் தொழிலையே சட்டத்திற்குள் கொண்டுவந்தது. மரப்பலகையின் மீதோ, வழவழப்பான கல்லின் மீதோதான் துணியைத் துவைத்தல் வேண்டும். வேறிடத்தில் துவைத்துத் துணி கெட்டால் இழப்பை ஈடு செய்வதோடு 6 பணம் தண்டமும் செலுத்துதல் வேண்டும். கொடுத்தவருடைய துணியை விற்றாலோ, வாடகைக்கு விட்டாலோ, அடகு வைத்தாலோ 12 பணம் தண்டம். துணியைத் திருப்பித் தருவதற்கும் கெடு உண்டு. மெல்லிய சாயமிட்டதற்கு 5 இரவுகள், நீலச் சாயத்துக்கு 6 இரவுகள் எனச் சாயத்திற்கேற்ப அது வேறுபட்டது. பண்டிகைக்குமுன் வெளுப்பவர் வீட்டுக்கு ஆளனுப்பிக் காத்திருந்த அனுபவம் நம் பாட்டனார்களுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும். ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நாட்டார் அனைவரின் துணியையும் தூய்மை செய்து தந்தவர்க்குத் தண்டங்கள் இவ்வளவு விரிவாக எழுதப்பட்டனவேயன்றி, சமுதாயத்தில் அவர்க்குரிய மதிப்பு தரப்படவில்லை.

வெளுத்தலோடு சேர்ந்தது உலர்த்தல். பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதிகளைத் தொகுத்துக் கூறும் விநய பிடகத்தில், சீவர ஆடைகளைத் தொங்கவிட மூங்கிற் கழியும் கயிறும் வைத்துக்கொள்ளப் புத்தர் பிரான் இசைவளித்ததாகச் செய்தி உண்டு. மூன்று ஆடைகளே உடைமையாகக் கொண்டவர்க்கு அவற்றை மடித்து மூலையில் வைப்பதினும் காற்றில் தொங்கவிடுதல் எத்துணை நன்று என்பது சொல்லாமலே விளங்கும். வெயிலும் காற்றும் துணியின் ஈரத்தைப் போக்குகின்றன. ஈரத்தோடு தங்கிய மணமும் ஆவியாகி நீங்குகின்றது. செலவில்லாத இம்மருந்தினும் சிறந்த மருந்து இன்றளவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

நான்காவது வழியே அழகுக்குரியது. தீய மணம் நீங்கிய ஆடைக்கு நன்மணம் ஊட்டுவது அது. மேலே கூறிய பிருகத் ஸம்ஹிதையில் ‘கந்தயுக்தி’ என்றொரு அத்தியாயம் உள்ளது. வாசனைப் பொருள்களைக் கூட்டும் கலையை அது கற்பிக்கின்றது. அதில் ஆடைக்கென்றே ஒரு பொடி கூறப்பட்டுள்ளது. இலவங்கப்பட்டை, இலாமிச்சை வேர், இலவங்கப்பத்திரி ஆகியவற்றைச் சம பாகமாகவும், சிற்றேலத்தை அதில் பாதியாகவும் எடுத்துப் பொடித்து, கஸ்தூரியும் பச்சைக் கற்பூரமும் சிறிது சேர்த்து எழுப்பினால், அதுவே சிறந்த ‘படவாசம்’ என்கின்றார் வராகமிகிரர். படம் என்பது துணி. வாசம் என்பது மணம். பட்டையும் ஏலமும் அடுக்களைக்கும் உரியனவே என்பதை நேயர்கள் நோக்குக. எண்ணெயிற் பொரிந்தால் ஆடையைக் கெடுப்பது, உலர்ந்த பொடியாக இருந்தால் ஆடைக்கு அணியாகின்றது.

அவர் அத்தோடு நிற்கவில்லை. 16 வாசனைப் பொருள்களிலிருந்து நான்கு நான்காகத் தேர்ந்தெடுத்தால் 1,820 கூட்டுகள் கிடைக்கும் என்றும் கணக்கிட்டுக் கூறுகின்றார். இன்று கல்லூரி மாணவர் கணித வகுப்பில் செய்யும் சேர்மானக் கணக்கு இதுவே, விடையும் சரியானதே. ஆடைக்கு மணமூட்டும் கலை கணிதத்தையும் துணைக்கு அழைத்த காலம் அது.

நம் நாட்டுச் சுல்தான்களும் இக்கலையைப் போற்றினர். மாளவத்தை 1469 முதல் 1500 வரை ஆண்ட கியாஸுத்தீன் ஷா, மாண்டு நகரில் இருந்துகொண்டு ‘நிஅமத் நாமா’ என்னும் பாரசீக நூலை எழுதுவித்தார். அது அவர் மகன் காலத்தில் நிறைவுற்றது. சம்சாவும் சோறும் செய்யும் முறைகளோடு வாசனைப் பொருள்கள் செய்யும் முறைகளும் அந்நூலில் ஒன்றாகவே இடம் பெற்றுள்ளன. வண்ண ஓவியங்கள் நிறைந்த அதன் கையெழுத்துப் பிரதி இன்று இலண்டன் மாநகரில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. சமையலும் மணமும் ஒரே ஏட்டில் அடங்கியதைக் காணும்போது, அரண்மனையிலும் இவ்விரண்டும் அண்டை வீட்டார்தாம் என்பது தெளிவாகின்றது. அக்பரின் அவையிலோ, பொன்னாலும் வெள்ளியாலும் ஆகிய தூபக்கால்களில் நாள்தோறும் நறும்புகை எழுந்துகொண்டிருந்தது என்று அபுல் பசல் எழுதுகின்றார்.

இக்கலை இன்றும் உயிரோடு விளங்கும் ஊர் கன்னோசி. உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையை அடுத்த அப்பழைய நகரில், செம்பினாலாகிய ‘தேக்’ என்னும் பெருங்கலத்தில் மலர்களையும் நீரையும் இட்டு மூடி, களிமண்ணால் வாயைப் பூசி, விறகு நெருப்பில் ஏற்றுகின்றனர். ஆவி ஒரு மூங்கிற் குழாய் வழியாகச் சென்று, ‘பப்கா’ என்னும் கலத்தில் உள்ள சந்தன எண்ணெயில் படிகின்றது. அதுவே அத்தர். கோடைக்கு வெட்டிவேர் அத்தர், குளிர்காலத்திற்கு ஹினா அத்தர் எனப் பருவத்திற்கேற்ப அதனைப் பூசுவர். சுட்ட களிமண்ணிலிருந்து முதல் மழையின் மணத்தையும் அவர்கள் வடித்தெடுக்கின்றனர். ஒரு துளியைப் பஞ்சில் தோய்த்து ஆடைப் பெட்டியில் வைத்தால் நெடுநாள் மணம் நிற்கும். நம் பழந்தமிழ்ப் பாடல்கள் கூறும் அகிற்புகையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஐந்தாவது, பெட்டியைக் காக்கும் வழி. காஷ்மீரச் சால்வைகள் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்றபோது, அந்துப்பூச்சி அணுகாதிருக்கப் பச்சோலி என்னும் செடியின் உலர்ந்த இலைகளை இடையிட்டு அடுக்கி அனுப்பினர். அம்மணம் சால்வையில் ஊறிற்று. அந்நாட்டுச் சீமாட்டிகள் அதனை முகர்ந்தே இது மெய்யான இந்தியச் சால்வை என்று தெளியலாயினர். பச்சோலி என்னும் பெயர் தமிழ்ச் சொல்லிலிருந்தே ஆங்கிலத்திற்குச் சென்றது என்று அகராதியாளர் கூறுவர். வேப்பிலையும் கிராம்பும் வெட்டிவேரும் எளிய வீடுகளில் இதே பணியைச் செய்தன. பின்னர் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்த நாப்தலின் உருண்டைகள் அவ்விடத்தைப் பிடித்தன. இவற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. நாப்தலின் மணம் ஊறிய துணியைக் காற்றாட விடாமல் பச்சிளங் குழந்தைக்கு உடுத்துதல் தீங்கு. இரத்தத்தில் ஒருவகைப் பிறவிக் குறைபாடு உடைய குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்து நேர்வதுண்டு. பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்த பட்டைப் பேரனுக்குப் போர்த்துமுன் ஒரு நாளாவது வெயிலில் இடுதல் வேண்டும்.

தூரம், தனியாடை, வெளுத்தல், நன்மணம், பெட்டிக் காவல் என்னும் இவ்வைந்தும் ஒருங்கே நின்றவரை ஆடைக்கும் அடுக்களைக்கும் இடையே ஒருவகை அமைதி நிலவிற்று. அதை உடைத்தது நகரம். பம்பாய் மாநகரில் பஞ்சாலைகள் பெருகிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, ஆலைத் தொழிலாளருக்காகச் ‘சால்’ என்னும் வரிசை வீடுகள் எழுந்தன. ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை. 1920ஆம் ஆண்டுகளில் அரசினர் ஒர்லி முதலிய இடங்களில் கட்டிய வீடுகளிலும் ஓர் அறையின் அளவு சுமார் 160 சதுர அடியே. அதிலேயே சமையல், அதிலேயே உறக்கம், அதிலேயே ஆணியில் தொங்கும் திருமணச் சேலை. தென்கிழக்கு மூலைக்கும் தென்மேற்கு மூலைக்கும் இடையே நான்கு எட்டுத் தூரம் இருந்தால் அது பெரிய வீடு! வராகமிகிரர் விதித்த தூரமும், வங்காளத்தின் முற்றமும், ஹல்வாயின் கொல்லையும் அங்கே இல்லை.

அன்றுமுதல் ஆடையில் ஏறிய சமையல் மணம், ஒருவர் எத்தகைய வீட்டில் வாழ்கின்றார் என்பதைப் பிறர்க்கு அறிவிக்கும் அடையாளமாயிற்று. பள்ளியிலும் அலுவலகத்திலும் அதைக் கொண்டு ஒருவரை இகழ்ந்து நகைப்பவர் உண்டு. இன்னார் சமைக்கும் உணவின் மணம் எங்களுக்கு ஆகாது எனக் கூறி வாடகைக்கு வீடு மறுப்பவரும் உண்டு. மணத்தைப் பற்றிய பேச்சு மனிதரைப் பற்றிய பேச்சாக மாறிவிடுகின்றது. நெடி ஏறியது அவர் குற்றமன்று. சாளரமில்லாத அறையின் குற்றம்.

இங்கே என் சொந்த நினைவு ஒன்றைக் கூற நேயர்கள் இசைய வேண்டும். நான் சிறுவனாக இருந்த நாளில், தீபாவளியன்று விடியுமுன் எங்கள் எல்லோருக்கும் புத்தாடை கிடைக்கும். என் தாயார்க்கும் ஒரு புதுச்சேலை உண்டு. மஞ்சள் தடவி ஸ்வாமியின் முன் வைத்து எடுத்த அச்சேலையை அவர் அப்போதே உடுத்துவதில்லை. ‘அடுப்பு வேலை ஆகட்டும்’ என்பார். அடுப்பு வேலை மாலைவரை ஆகாது. விளக்கேற்றும் வேளையில் அதை உடுத்திக்கொண்டு அவர் வாயிலுக்கு வரும்போது, எங்கள் ஆடைகள் பழையனவாகியிருக்கும், பண்டிகையும் முடிந்திருக்கும். அன்று அது எனக்கு இயல்பாகத் தோன்றிற்று. பின்னர் வேலையின் பொருட்டுத் தில்லியில் வாழ்ந்தபோது, பஞ்சாபியர் வீட்டிலும் வங்காளியர் வீட்டிலும் இதே காட்சியைக் கண்டேன். மொழி வேறு, பண்டிகை வேறு; ஆனால் அடுப்பின்முன் நிற்பவள் மட்டும் எங்கும் பழைய சேலையிலேயே நின்றாள்.

ஆடையைக் காக்க இரண்டாயிரம் ஆண்டுகள் இத்துணை நுட்பமாகச் சிந்தித்த நாடு, ஆடைக்குள் இருந்தவளைப் பற்றிச் சிந்திக்க ஏன் தாமதித்தது? இக்கேள்வியை வரலாறு நம்முன் வைக்கின்றது. புகையை வெளியேற்றும் வழி நம்மவர்க்குத் தெரியாததன்று. துறவியரின் வெந்நீர்க் குளியல் அறைக்குப் ‘தூமநேத்த’ என்னும் புகைக் குழாய் அமைக்க விநய பிடகத்திலேயே இசைவு உண்டு. அக்குழாய் ஏழையின் அடுக்களைக்கு வந்து சேரப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. புகை ஆடையில் ஏறினால் துவைக்கலாம். நுரையீரலில் ஏறினால் துவைக்க இயலாது. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெண்களும் சிறு குழந்தைகளுமே இப்புகைக்கு மிகுதியாக ஆளாவோர்.

இக்குறையை நீக்க முன்வந்தவர்களை நன்றியோடு நினைத்தல் வேண்டும். வார்தாவில் காந்தியடிகளின் தூண்டுதலால் 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், 1947இல் ‘மகன் சூலா’ என்னும் புகைபோக்கியுடைய மண்ணடுப்பைப் பரப்பத் தொடங்கிற்று. அடிகளின் உறவினரும் உடனுழைப்பாளருமான மகன்லால் காந்தியின் பெயரை அது தாங்கி நின்றது. ஐதராபாத்தில் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய எஸ். பி. ராஜு, களிமண்ணாலேயே அமைக்கத்தக்க புகையில்லா அடுப்பை உருவாக்கினார். கோடிக்கணக்கானோர்க்குப் புகையற்ற அடுக்களை என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய ஆங்கில நூல் 1953இல் சென்னையிலிருந்து வெளியாயிற்று. அரசினரின் சீர்திருத்த அடுப்புத் திட்டம் 1983இல் தொடங்கிற்று. அடுப்புகள் பல கட்டப்பட்டன. ஆனால் குழாயைத் துடைப்பாரும் உடைந்ததைச் செப்பனிடுவாரும் இல்லாமையால் பல பயனற்றுப் போயின. சமையல் வாயுவோ நகரங்களில் முதலில் வேரூன்றிற்று. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இண்டேன் வாயு 1965இல் கல்கத்தாவில் அறிமுகமாயிற்று. சிற்றூர் ஏழைப் பெண்களுக்கு அதனைக் கொண்டுசெல்லும் உஜ்வலா திட்டம் 2016ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் உத்தரப் பிரதேசத்துப் பலியாவில் தொடங்கி, இன்று 10 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளைத் தந்துள்ளது. எனினும் உருளையை மறுமுறை நிரப்பப் பணமில்லாது விறகுக்குத் திரும்பும் வீடுகள் இன்னும் உள. ஆகவே கதை முடிந்துவிடவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து வரும் பண்டிகைக்கு நாம் எடுத்துக்கொள்ளத்தக்க பாடங்கள் சில. சமையல் தொடங்குமுன் புத்தாடைகளையும் கம்பளிகளையும் அடுக்களையினின்று விலகிய அறையில் வைத்துக் கதவைச் சாத்துக. அடுக்களையின் சாளரத்தையோ, காற்றுப்போக்கு விசிறியையோ பொரிக்கத் தொடங்குமுன்பே திறந்துவிடுக. பொரித்து முடித்தபின்னும் சிறிது நேரம் அவ்வாறே இருக்கட்டும். குளிர் மிகுந்த வட நாட்டிலும் ஒரு சாளரமேனும் திறந்திருத்தல் வேண்டும். பொரிக்கும் வேலையை முதல் நாளே முடித்துக்கொள்ளுதல் நன்று. சமைப்பவர் பருத்தி ஆடை உடுத்தித் தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொள்வாராயின், கூந்தலும் தப்பும். நெடி ஏறிய ஆடையை மடித்துப் பெட்டியில் வைத்தல் ஆகாது. காற்றில் ஓர் இரவு தொங்கட்டும். பட்டை நிழலில் உலர்த்துக. பருத்தியை வெயிலில் உலர்த்துக. இவையனைத்தும் செய்த பின்னரே மணப்பொருளை நாடுக. அழுக்கின்மேல் பூசிய அத்தர், இரண்டு மணங்களையும் சேர்த்தே அறிவிக்கும்.

இவற்றினும் முதன்மையான பாடம் ஒன்று உண்டு. அது எந்தச் சாஸ்திரத்திலும் எழுதப்படாதது. பண்டிகையன்று அடுக்களை வேலையை ஒருவர் தலையிலேயே சுமத்தாது வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ளுவாராயின், வேலை காலையிலேயே முடியும். ஆண்மக்கள் சிறிது நேரம் பழைய வேட்டியோடு அடுப்பின்முன் நிற்பதால் பண்டிகைக்குக் குறைவு வராது. வீட்டார் எல்லோரும் புத்தாடை உடுக்கும் அதே வேளையில் அவ்வீட்டுத் தாயும் புதுச்சேலை உடுத்தி வாயிலுக்கு வருவாளாயின், அந்த ஆடையில் சிறிது தாளிப்பின் மணம் இருந்தாலும் குற்றமில்லை.